கண்ணசைவை ஆராய்ந்த மருத்துவர்: லூயி எமில் ஜவால்

இவ்வரியைப் படிக்கையில் உங்கள் கண்கள் எழுத்துகளின் மீது சீராக ஊர்ந்து செல்வதாக உங்களுக்குத் தோன்றும். உண்மையில் அவை ஓரிடத்தில் கால் நொடி அளவு நின்று, அடுத்த இடத்திற்குத் தாவி, மீண்டும் நிற்கின்றன. விழித்திரையின் நடுவிலுள்ள மிகச் சிறிய பகுதியால் மட்டுமே நுண்ணிய எழுத்துகளைத் தெளிவாகக் காண இயலும். அப்பகுதியைச் சொற்களுக்கு நேராகக் கொண்டுவரவே கண்கள் தாவுகின்றன. இவ்வசைவின்பால் மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தவர்களுள் பிரான்சு நாட்டுக் கண் மருத்துவர் லூயி எமில் ஜவால் (1839–1907) முதன்மையானவர். பார்வையை ஆராய்ந்த அவரே கிளாக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோயால் பார்வையை இழந்தார். எனவே, அவருடைய வாழ்க்கை நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் பயனுள்ள பாடமாகும்.

ஆய்வுப் பணி

பாரிஸ் நகரில் பிறந்த ஜவால், சுரங்கப் பொறியியல் கற்ற பின்னர் மருத்துவம் பயின்றார். தம் சகோதரிக்கு இருந்த மாறுகண் குறைபாடு அவரை இத்துறைக்கு ஈர்த்தது. இரு கண்களையும் ஒருங்கே பயன்படுத்தப் பழக்கும் பயிற்சிகளை அவர் வகுத்தார். மாறுகண் குறித்த அவருடைய நூல் 1896இல் வெளிவந்தது.

1878இல் சோர்போன் பல்கலைக்கழகத்தில் கண் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்ற அவர், படிப்பின் உடலியல் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். அவ்வாய்வகத்தில் லமார் என்பவர், மூடிய இமையின் மீது மெல்லிய கருவியைப் பொருத்தி, மறு கண்ணால் படிக்கும்போது எழும் ஒலிகளைக் கொண்டு கண்ணின் தாவல்களை எண்ணினார். இத்தாவலைக் குறிக்கும் ‘சக்காட்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லை இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர்.

1881இல் நார்வே நாட்டு மருத்துவர் யால்மார் ஷியோட்ஸுடன் இணைந்து, கருவிழியின் வளைவை அளக்கும் கருவியை ஜவால் உருவாக்கினார். கண்புரை அறுவை சிகிச்சைக்கு முன், பொருத்தப்படும் லென்ஸின் திறனைக் கணக்கிட உங்கள் கருவிழி வளைவு இன்றும் அளக்கப்படுகிறது.

பார்வை இழப்பு

1880களின் நடுப்பகுதியில் அவரது ஒரு கண் கிளாக்கோமாவால் பாதிக்கப்பட்டது. 1900ஆம் ஆண்டளவில் அவர் முழுமையாகப் பார்வை இழந்தார். கண் அழுத்தத்தை அளப்பதற்கு ஷியோட்ஸ் தம் பெயரால் வழங்கும் கருவியை வெளியிட்டது 1905இல்தான். நண்பரின் அக்கருவி வந்தபோது ஜவாலின் பார்வை மீளும் நிலையில் இல்லை.

ஆயினும் அவர் பணியை நிறுத்தவில்லை. புதிதாகப் பார்வை இழந்தோருக்கான அறிவுரைகளை 1903இல் நூலாக வெளியிட்டார். படித்தல், எழுதுதல் பற்றிய அவரது நூல் 1905இல் வெளிவந்தது. தாமே எழுதினார், நடந்தார், பிறருடன் சேர்ந்து இருவர் மிதிக்கும் வண்டி ஓட்டினார்.

நீங்கள் அறிய வேண்டியவை

கிளாக்கோமாவில் பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சேதமடைகிறது. பெரும்பாலும் வலி இருப்பதில்லை. பக்கப் பார்வை முதலில் குறைவதால் நோயாளி நெடுநாள் இதனை உணர்வதில்லை. இழந்த பார்வையை மீட்க இயலாது. எஞ்சிய பார்வையைக் காக்க இயலும்.

- நாற்பது வயதைக் கடந்தோரும், குடும்பத்தில் இந்நோய் உள்ளோரும் கண் அழுத்தம், பார்வை நரம்பு ஆகியவற்றை முறையாகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.
- பார்வை நன்றாக உள்ளது எனக் கருதிச் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். அம்மருந்து பார்வையைக் கூட்டுவதற்கு அன்று, காப்பதற்கே.
- மருத்துவரின் அறிவுரையின்றி ஸ்டீராய்டு சொட்டு மருந்து இடாதீர்கள். அதனால் கண் அழுத்தம் உயரக்கூடும்.
- திடீரெனக் கடும் கண்வலி, கண் சிவத்தல், விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தோன்றுதல், வாந்தி ஆகியவை ஏற்பட்டால் அன்றே மருத்துவமனைக்கு வரவும்.
- குழந்தைக்கு மாறுகண் இருப்பின் ‘வளர்ந்தால் சரியாகும்’ என்று காத்திராதீர்கள். காலம் தாழ்ந்தால் ஒரு கண்ணின் பார்வை மங்கியே நின்றுவிடும்.

பராமரிப்போருக்கு

பார்வை இழந்தவரிடமிருந்து அவர் செய்யக்கூடிய வேலைகளையும் அன்பின் பெயரால் பறித்துவிடுவது அவரை மேலும் முடக்கும். அறைக்குள் வரும்போது உங்கள் பெயரைச் சொல்லுங்கள். நடக்கும்போது அவரை இழுத்துச் செல்லாமல், உங்கள் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளச் செய்யுங்கள். பொருள்களை இடம் மாற்றினால் தெரிவியுங்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ், உதவிகள் குறித்த விவரங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகவும்.

ஜவாலின் காலத்தில் இல்லாத பரிசோதனைகளும் மருந்துகளும் இன்று அரசு மருத்துவமனைகளில் உள்ளன. உரிய காலத்தில் வந்து அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.