ஒரு வீடு கைமாறும்போது: 1840 முதல் நம் மலையில் நடந்தது



அண்மையில் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு வியாபாரம் குழம்பிப் போனது. அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் உறுதி யார் பெயரில் என்று பார்த்திருக்கிறார்கள். இன்று இரண்டு குடும்பமும் பேசுவதில்லை. பிள்ளைகள் மட்டும் ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல நினைத்தோம்.

1840இல் ஆங்கிலேயர் இரண்டு கட்டளைச் சட்டங்கள் கொண்டு வந்தார்கள். 7ஆம் இலக்கச் சட்டம், காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும் என்றது. 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் முடிக்குரியவை, உரிமை உண்டென்றால் நிரூபி என்றது. எழுத்தில்லாமல் தலைமுறையாக நிலத்தை ஆண்ட கண்டிக் கிராமத்தவர் எதைக் காட்டுவார்? அந்த நிலங்கள் ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்களில் ஆளுநர் ஸ்டூவர்ட் மெக்கன்ஸியும் அரச உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். 1844இல்தான் அடிப்படை விலை 20 ஷில்லிங் ஆனது. விற்றவரும் வாங்கியவரும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். நிலத்தில் இருந்தவர் பேச்சிலேயே இல்லை.

அந்த நிலத்தில் கோப்பியும் பிறகு தேயிலையும் வந்தன. தோட்டத்து மக்களுக்கு லயக் காம்பரா கிடைத்தது. அதுவும் வேலை இருக்கும் வரைதான். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கவும் முடிவு செய்தது. தலைமன்னாருக்கு ரயில் ஏறியவர்களால் பிறந்து வளர்ந்த வீட்டை விற்க முடியவில்லை. ஆடு, மாடு, பித்தளைக் குடம், இவற்றைத்தான் விற்றார்கள். பயணத் திகதி குறித்தபின் விற்பவருக்குப் பேரம் பேச நேரமேது? கடைத்தெருவில் அவற்றை வாங்கியவர்களில் எங்கள் பெரியவர்களும் உண்டு. அந்தப் பாத்திரங்கள் சில இன்னும் நம் அலுமாரிகளில் இருக்கின்றன. கொடுத்த விலை நியாயமா என்று நாம் கேட்டதில்லை. இப்போதாவது கேட்டுப் பார்ப்போம்.

1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்கு வந்தது. நிலம் அரசினுடையது, கம்பனிக்குக் குத்தகை. பின்னர் 7 பேர்ச்சஸ் காணியும் இந்திய வீடுகளும் வந்தன. 2017 மேயில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஆனால் உறுதி எல்லோர் கையிலும் இல்லை. உறுதி இல்லாத வீட்டை வெற்றுக் கடதாசியில் கைமாற்றினால் விற்பவருக்கு முழு விலை வராது, வாங்குபவருக்கு நிம்மதி வராது. இருவரும் நட்டப்படுவார்கள்.

நம் நாட்டில் நடைமுறையில் உள்ள ரோமன் - டச்சுச் சட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு. உண்மைப் பெறுமதியில் பாதிக்கும் குறைவாக விற்றவர், விற்பனையை நீக்கும்படி நீதிமன்றம் போகலாம். வாங்கியவர் மீதியைக் கொடுத்து வீட்டை வைத்துக்கொள்ளலாம். விலை தெரிந்தே மனமொப்பி விற்றவருக்கு இது உதவாது. அறியாமையை விலையாக்கக் கூடாது என்பதே இதன் பொருள்.

நம் மார்க்கத்திலும் இருவரின் மனப் பொருத்தம்தான் வியாபாரத்தின் அடிப்படை. குறையை மறைத்து விற்றால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதையும் நினைவில் வைப்போம்.

ஆகவே விலை பேசும் முன் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்வோம். அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால், அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிவோம். மண்சரிவு அபாயம் பற்றி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருந்தால் விற்பவர் மறைக்காமல் காட்டட்டும். பேரம் என்பது தொகை மட்டுமல்ல. விற்பவருக்குப் பிள்ளையின் பரீட்சை முடியும் வரை இருக்க இடம் வேண்டுமா? வாங்குபவருக்கு வங்கிக் கடன் வரும் வரை தவணை வேண்டுமா? ஒருவர் காலத்தைக் கொடுத்தால் மற்றவர் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். நொத்தாரிசுச் செலவு யாருடையது, சாவி எந்தத் திகதியில், இவற்றையும் எழுதிக்கொள்வோம்.

அந்த இரண்டு குடும்பமும் இதைப் படிக்கக்கூடும். வியாபாரம் முறிந்தால் முறியட்டும். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, ஒரு தேநீரோடு பேச்சைத் தொடங்குங்கள். பிள்ளைகள் நாளைக்கும் ஒரே வாங்கில்தான் உட்காரப் போகிறார்கள்.

வஸ்ஸலாம்.