பனியில் நடந்த பாதங்கள்

தமிழிலக்கியத்திற்குக் குளிர் புதிதன்று. நெடுநல்வாடையில் மழையில் நனைந்த இடையர்கள் தீயில் கைகாய்ச்சி, கன்னம் நடுங்க நிற்கும் காட்சியை வகுப்பில் விளக்காத தமிழாசிரியர் இலர். எனினும் அது உயிரைக் குடிக்கும் குளிர் அன்று. வேலூர் வெயிலில் வளர்ந்த நமக்கு ஏலகிரியின் மார்கழி இரவே பெருங்குளிர். சுழியத்திற்குக் கீழே 40 பாகை என்பது வெறும் எண். இருந்தும் பனிநிலப் பயணிகளின் வரலாற்றைப் படிக்குந்தோறும் நம் ஊர்ப் பொருளான தோல் அதில் எதிர்ப்படுகிறது. அப்பயணிகளுள் பலர் பிழைத்ததும் மாண்டதும் அவர்தம் பாதங்களைப் பொறுத்தே அமைந்தன. அவ்வரலாற்றில் சில பக்கங்களை இங்கே நோக்குவோம்.

நார்வே நாட்டவரான அமுண்ட்சன் 1903 முதல் 1906 வரை ஒரு சிறு கப்பலில் கனடாவின் வடகோடிக் கடல்வழியைக் கடந்தார். வழியில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் நெட்சிலிக் என்னும் இனுவிட் மக்களின் அருகே தங்கி, அவர்களிடம் மாணவராகவே பயின்றார். பனிமான் தோலாடையை உடலோடு ஒட்டாமல் தளர அணிய வேண்டும். வியர்க்கும் அளவிற்கு விரையலாகாது. வியர்த்தால் அவ்வீரமே பின்னர் உறைந்து பகையாகும். இவையே அவர் கற்ற பாடங்கள். தென்துருவப் பயணத்தின்போது காலணிகள் இறுக்கமாக இருக்கக் கண்டு, அவருடைய குழுவினர் அவற்றைப் பலமுறை பிரித்துப் பெரிதாக்கித் தைத்தனர். ஆம்பூரில் காலணி தைப்போர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். இறுகிய காலணி குருதியோட்டத்தைத் தடுக்கும். காலுறைகளுக்கிடையே தங்கும் காற்றே வெப்பத்தைக் காக்கும். 1911 டிசம்பர் 14 அன்று துருவத்தை அடைந்த ஐவரும் நலமாகத் திரும்பினர்.

1912 ஜனவரி 17 அன்று அங்கே சென்றடைந்த ஆங்கிலேயர் ஸ்காட்டின் குழுவில் ஐவருள் ஒருவரும் திரும்பவில்லை. அவர்களிடமும் பனிமான் தோல் காலணிகள் இருந்தன. ஈரத்தை உறிஞ்சுவதற்காக அவற்றினுள் ஒருவகைக் காய்ந்த கோரையைத் திணிக்கும் வழக்கமும் இருந்தது. ஆனால் சறுக்குவண்டிகளைத் தாமே இழுத்ததால் வியர்த்தனர். வழியில் சேமித்து வைத்த எண்ணெய்க் கலன்களிலும் எண்ணெய் குறைந்திருந்தது. மூடியிலிருந்த தோல் வளையங்கள் குளிரில் சுருங்கியதே காரணம் என்று நெடுங்காலமாகக் கூறப்படுகிறது. பதம் இழந்த தோல் எவ்வாறு சுருங்கும் என்பதை நம் தொழிலாளரிடம் எவரும் விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் குறையவே, பனியை உருக்கிக் குடிநீர் ஆக்குவதும் ஈரக் காலுறையை உலர்த்துவதும் அரிதாயின.

அக்குழுவின் ஓட்ஸ், இந்தியாவின் மாவ் நகரில் குதிரைப்படை அதிகாரியாக இருந்தவர். பாதங்கள் உறைந்து அழுகிய நிலையில், தோழர்களுக்குச் சுமையாக இருக்க விரும்பாமல் 1912 மார்ச்சில் கூடாரத்தை விட்டுப் பனிப்புயலுக்குள் நடந்து மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில், இமயத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஏழு கோவேறு கழுதைகளுடன் சென்ற தேடற்குழு, ஸ்காட்டின் கூடாரத்தைக் கண்டெடுத்தது. ஓட்ஸின் உடல் கிடைக்கவில்லை. அவருடைய காலணி கிடைத்தது. வீங்கிய பாதம் நுழைவதற்காக அதன் முன்புறம் கிழிக்கப்பட்டிருந்தது.

குளிர் கொல்வதற்குத் துருவம்வரை செல்ல வேண்டியதில்லை. முதல் உலகப் போரின் முதற்குளிர்காலத்தில், நீர் தேங்கிய பதுங்குகுழிகளில் நின்ற பிரித்தானியப் படையினர் ஏறத்தாழ 20,000 பேர் பாத நோயால் வீழ்ந்தனர். பனி உறையாத ஈரக்குளிரே அதற்குப் போதுமானதாயிற்று. அப்போரில் படைக் காலணிகளின் மேற்புறத் தோலுக்குச் சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட மாட்டுத்தோல் பெருமளவில் கப்பலேறியது. ஆனால் நல்ல தோல் மட்டும் பாதத்தைக் காத்துவிடவில்லை. நாள்தோறும் காலுறை மாற்றுதல், பாதத்தைத் துடைத்து எண்ணெய் தடவுதல், ஒருவர் பாதத்தை மற்றவர் சோதித்தல் ஆகிய எளிய ஒழுங்குகள் வந்த பின்னரே அந்நோய் தணிந்தது.

பிழையான மருத்துவமும் இவ்வரலாற்றில் உண்டு. 1812இல் நெப்போலியனின் படையோடு ருஷ்யா சென்ற மருத்துவர் லாரே, உறைந்த உறுப்பைப் பனியால் தேய்க்கச் சொன்னார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகம் அதனைப் பின்பற்றியது. தேய்த்தால் திசு மேலும் சிதையும் என்பது பின்னரே தெளிந்தது. உடற்சூட்டை ஒத்த, 37 முதல் 39 பாகை வெந்நீரில் வைத்து மீட்பதே இன்றைய முறை; மீண்டும் உறைய வாய்ப்பிருந்தால், பாதுகாப்பான இடம் சேரும்வரை அதனையும் செய்யலாகாது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. மலையேறியும் படை அதிகாரியுமான நரேந்திர குமார் 1961இல் நீலகண்ட சிகரப் பயணத்தில் நான்கு கால்விரல்களை உறைபனிக்கு இழந்தவர். அப்பாதங்களோடுதான் 1978இலும் 1981இலும் சியாச்சின் பனியாற்றில் பயணக்குழுக்களை நடத்தினார். 1984 ஏப்ரலில் நம் படை அங்கே நிலைகொள்ள அவருடைய பயணக் குறிப்புகளும் வரைபடங்களும் பெரிதும் உதவின.

அதே சியாச்சினில் 2016 பிப்ரவரி 3 அன்று, 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையைப் பனிச்சரிவு மூடியது. மாண்ட பதின்மரில் வேலூர் மாவட்டத்து ஹவில்தார் ஒருவரும் இருந்தார். அவர்களைக் கொன்றது பனிச்சரிவு. காலணிக் குறை அன்று. எனினும் 2020இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை உயர்மலைப் படையினர்க்குரிய காலணிகள் கிட்டாமல், பழைய காலணிகளையே சீர்செய்து அணிய நேர்ந்ததைப் பதிவு செய்துள்ளது. ஐரோப்பியரின் குளிருக்குக் காலணி தைத்து அனுப்பும் ஊர்களை உடைய நாட்டில் இவ்வாறு நேர்ந்ததை எளிதில் கடந்துபோக இயலவில்லை.

நம் மாவட்டத்து இளைஞர் ஆண்டுதோறும் படையில் சேர்கின்றனர். நம் மாணவர்கள் லே, கேதார்நாத் என்று பயணம் போகின்றனர். அவர்களிடம் நாம் சொல்லி அனுப்ப வேண்டியவை சிலவே: காலணி ஓரளவு பெரிதாக இருக்கட்டும், மாற்றுக் காலுறை ஒன்று எப்போதும் உலர்ந்திருக்கட்டும், வியர்க்குமுன் மேலாடையைக் களையுங்கள், விரல் மரத்தால் உடன் வருவோரிடம் மறைக்காதீர்கள், அம்மலையிலேயே வாழ்கின்றவர் சொல்வதைக் கேளுங்கள். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் தம் விரலையோ உயிரையோ கொடுத்துத்தான் கற்றிருக்கிறார்.