சென்னை மாநிலப் பிரிவினையும் காவிரிப் படுகையும்

தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழியாரும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்த பழைய சென்னை மாநிலம், 1953-க்கும் 1960-க்கும் இடையில் மொழிவாரியாகப் பிரிந்தது. இந்தப் பிரிவினையில் தஞ்சை மாவட்டத்தின் ஒரு வட்டம்கூடக் கைமாறவில்லை. எல்லைப் போராட்டம் எதுவும் இங்கே நடக்கவில்லை. ஆயினும் அதன் பின்விளைவை நெடுங்காலம் சுமந்த பகுதிகளுள் ஒன்று காவிரிப் படுகை. எல்லைக் கோடு வயலில் விழாமல் ஆற்றின் மேல் விழுந்ததே காரணம்.

தஞ்சையில் பல மொழிகள் சேர்ந்து வாழ்வது பழைய வழக்கம். சோழருக்குப் பின் தெலுங்கு நாயக்கர் ஆண்டனர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை மராத்தியர் அரண்மனையில் இருந்தனர். பெரிய கோயிலில் இராசராசனின் தமிழ்க் கல்வெட்டுகளோடு, இரண்டாம் சரபோசி 1803-இல் வெட்டுவித்த மராத்திக் கல்வெட்டும் இருக்கிறது. திருவையாற்றுத் தியாகராசர் தெலுங்கில் பாடினார். மெலட்டூர் பாகவத மேளமும் தெலுங்குதான். கும்பகோணத்து நெசவுத் தெருக்களில் சௌராட்டிரம் இன்றும் வீட்டு மொழி. இங்கே மொழியை வைத்து யாரும் வேலி போட்டுக்கொள்ளவில்லை. பாட்டு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று 1940-களில் தமிழிசை இயக்கம் எழுப்பிய சண்டை சூடானதுதான். ஆனால் அது கச்சேரி மேடையோடு நின்றது.

பிரிவினை சூடுபிடித்தது வடக்கே. மொழிவாரி மாநிலங்கள் தேச ஒற்றுமைக்கு ஆகாது என்று 1948-இல் தார் ஆணையம் சொன்னது. நேரு, படேல், பட்டாபி சீதாராமையா மூவர் குழுவும் தயங்கியது. ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று இறந்தார். தெலுங்கு மாவட்டங்களில் கலவரம் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நான்கே நாளில் நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். 1953 அக்டோபர் 1-இல் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு அது பிறந்தது. சென்னை நகரம் யாருக்கு என்பதில் இரு பக்கமும் தெருவில் இறங்கின. 'மதராஸ் மனதே' (சென்னை நமதே) என்ற தெலுங்கு முழக்கத்துக்கு எதிராக ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் நின்றது. ஆந்திரத்தோடு போன திருத்தணி 1960 ஏப்ரல் 1-இல்தான் திரும்பி வந்தது. தெற்கே, திருவிதாங்கூர்-கொச்சியில் நேசமணி தலைமையில் தமிழர் நடத்திய போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழகத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் சேரவில்லை.

அதே நவம்பர் 1-இல் காவிரிக்கு நடந்ததை அன்று பெரிதாகப் பேசியவர் குறைவு. காவிரியில் சேரும் கபினி ஆறு வயநாட்டில் பிறக்கிறது. வயநாடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. மலபார் கேரளத்துக்குப் போயிற்று. கோவை மாவட்டத்துக் கொள்ளேகால் வட்டம் மைசூருக்குப் போயிற்று. காவிரி பிறக்கும் குடகு, அதுவரை தனி மாநிலமாக இருந்தது, அதுவும் மைசூரோடு இணைந்தது. கொள்ளேகாலில் தமிழர் இருந்தனர். தமிழகத்தில் தங்கிய தாளவாடி மலைப்பகுதியில் கன்னடர் இருந்தனர். எப்படிக் கோடு போட்டாலும் சிலர் மறுபக்கம் நிற்பார்கள். சென்னை, மைசூர் என்ற இரண்டு கட்சிகளுக்கிடையே இருந்த காவிரி நீர் வழக்கில் இப்போது கேரளமும் சேர்ந்துகொண்டது. பிரெஞ்சுக்காரர் 1954-இல் விட்டுப்போன காரைக்கால் வழியாகப் புதுச்சேரியும் வந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்குக் கிடைத்த 30 டி.எம்.சி.யில் கபினிப் பங்கு 21, பவானிப் பங்கு 6. இந்த 27-ம் பழைய மலபார் மண்ணின் பேரில் வந்தது. (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி.)

நீர்ச்சண்டை மொழிச்சண்டையை விட மூத்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1892-இலும் 1924-இலும் உடன்படிக்கை செய்துகொண்டவை ஆங்கிலேயர் ஆண்ட ஒரு மாகாணமும் ஒரு சமஸ்தானமும். மைசூரின் கிருஷ்ணராஜ சாகர் அணைக்கு இசைவு கிடைத்தது, மேட்டூர் அணை 1934-இல் எழுந்தது. கிருஷ்ணராஜ சாகரின் கீழ் மைசூருக்கு 1,25,000 ஏக்கர், மேட்டூரின் கீழ் சென்னைக்கு 3,01,000 ஏக்கர் புதிய பாசனம் என்று கணக்குப் போட்டார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில் ஏக்கரும் கன அடியும்தான் இருந்தன. கன்னடரும் தமிழரும் இல்லை. 1956-க்குப் பின்னர்தான் அணைத் தண்ணீர் இன உரிமை ஆயிற்று. அந்த ஆண்டு நாடாளுமன்றம் செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது: மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறுச் சட்டம் ஆகஸ்ட் 28-இல் வந்தது; மாநிலச் சீரமைப்புச் சட்டம் ஆகஸ்ட் 31-இல் வந்தது. பாகப் பிரிவினைப் பத்திரத்துக்கு மூன்று நாள் முன்பே வழக்காட இடம் தயார்.

யுகோசுலாவியாவிலும் இதுதான் கதை. ஒரே நாட்டுக்குள் ஓடிய சாவா ஆறு, நாடு சிதறியபின் நான்கு நாட்டு ஆறானது. 2002 டிசம்பரில்தான் அந்த நான்கு நாடுகளும் ஆற்றுக்கென ஒரு பொது உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அங்கே போர் முடிந்து உடன்பாடு வந்தது. இங்கே போர் இல்லை. நீதிமன்றம் இருந்தது, கலவரமும் இருந்தது.

1970-களில் ஹேமாவதி, ஹாரங்கி, கபினி அணைகள் மேலே எழுந்தன; கீழே குறுவைக்குத் தண்ணீர் தட்டியது. தஞ்சைப் பகுதி விவசாயிகளின் சங்கம் 1983-இல் உச்ச நீதிமன்றம் போயிற்று. மாநில அரசுகள் பேசிப் பேசிக் களைத்த விஷயத்தை நகர்த்தியது அந்த வழக்குதான். 1990 ஜூன் 2-இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூன் 25-இல் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. விடச் சொல்லி இடைக்காலத் தீர்ப்பு வந்தது. அதை முறியடிக்கக் கர்நாடக அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம் செல்லாது என்று நவம்பர் 22-இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. டிசம்பர் 11-இல் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியானது. மறுநாளே பெங்களூரு எரிந்தது. தமிழர் குடியிருப்புகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் அன்றாடக் கூலிகள், வீட்டை விட்டு எல்லை தாண்டி வந்தனர். தமிழகத்திலும் கன்னடர் சொத்துகள் தாக்குதலுக்குள்ளாயின. அடிபட்டவர்களில் பெரும்பாலோருக்குக் காவிரிக் கரையில் ஒரு காணி நிலம்கூட இருந்திருக்காது. அந்த ஆண்டே பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-இல் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. 2016 செப்டம்பர் 12-இல் பெங்களூரில் மீண்டும் தமிழகப் பேருந்துகள் எரிந்தன.

விவசாயிகள் தாங்களாகவே பேசிப் பார்த்ததும் உண்டு. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் 2003-இல் 'காவிரிக் குடும்பம்' உருவானது. இரு மாநில உழவர்களும் ஒருவர் வயலை ஒருவர் சென்று பார்த்தனர். பங்கீட்டுக் கணக்கை அவர்களால் முடிக்க இயலவில்லை. எதிர்த் தரப்பிலும் சாவியான பயிர் உண்டு என்று நேரில் கண்டது சிறிய காரியமல்ல.

2007 பிப்ரவரி 5 இறுதித் தீர்ப்பில் தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று வகுத்தார்கள். எல்லையில் கர்நாடகம் விட வேண்டிய 192 டி.எம்.சி.யை 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் 177.25 ஆகக் குறைத்தது. பெங்களூருவின் குடிநீர்த் தேவையும் தமிழகப் படுகையின் நிலத்தடி நீரும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அந்த ஆண்டே காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது. மேட்டூர் திறப்புக்கு மரபான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் மதகு திறக்கவில்லை. குறுவையைக் கைவிட்டுச் சம்பாவை மட்டும் நம்பியவர்கள் பலர். கடைமடையில் அதுவும் நிச்சயமில்லை.

கர்நாடகம் விடும் நீரை அளக்கும் இடம் பிலிகுண்டுலு, கிருஷ்ணகிரி மாவட்டத்து எல்லைக் காட்டில் மத்திய நீர்வள ஆணையம் வைத்திருக்கும் அளவு நிலையம். வினாடிக்கு எத்தனை கன அடி என்று அங்கே குறிக்கும் எண், மேட்டூர் நீர்மட்டத்தோடு சேர்ந்து தஞ்சைப் பதிப்பு நாளிதழ்களில் வருகிறது.