கோலார் தங்கவயலும் சிலிக்கோசிஸும்

கோலார் தங்கவயலின் தங்கம், கரும்பாறைக்குள் ஓடும் குவார்ட்ஸ் இழைகளில் கலந்திருந்தது. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. அதை வெடிவைத்துப் பெயர்த்து, மாவாக அரைத்தால்தான் தங்கம் பிரியும். ஆகவே தங்கம் எடுத்த இடத்திலெல்லாம் சிலிக்காத் தூசியும் எழுந்தது.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்தபின் சுரங்கங்கள் வேகமாக ஆழம் போயின. உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தலித் குடும்பத்தார். சுத்தியலும் உளியும் கொண்டு கையால் துளையிட்டபோது தூசி குறைவு. அழுத்தக் காற்றில் ஓடும் துளைக்கருவி வந்ததும் வேலை பெருகியது, தூசியும் பெருகியது.

கண்ணுக்குத் தெரியும் தூசியால் பெரிய கேடில்லை. அது மூக்கிலும் சளியிலும் சிக்கிக்கொள்ளும். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மேலே தள்ளிவிட, இருமலில் வெளியேறும். 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்தான் நுரையீரலின் காற்றறைவரை போகும். அங்கே காவலிருக்கும் விழுங்கணு அதை விழுங்கிவிட்டுத் தானே செத்துப்போகும். வெளிப்பட்ட துகளை இன்னொரு விழுங்கணு விழுங்கும், அதுவும் சாகும். ஒவ்வொரு சாவிலும் அழற்சி கிளம்பி, அந்த இடம் தழும்பேறி முடிச்சாக இறுகும். இதுதான் சிலிக்கோசிஸ். வழக்கமாகப் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்தே மூச்சிரைப்பு தெரியவரும். சுரங்க வேலையை விட்டாலும் நோய் நிற்பதில்லை. துகள் உள்ளேயே இருக்கிறது. போதாக்குறைக்கு, விழுங்கணுக்கள் செத்துக் காவலிழந்த நுரையீரலில் காசநோய் எளிதில் குடியேறும்.

தடுக்கும் வழி புதிதல்ல. துளைக்கம்பியின் நடுவே குழல் விட்டுத் தண்ணீர் செலுத்தினால் தூசி எழும்போதே சேறாகிவிடும். அமெரிக்காவில் ஜார்ஜ் லெய்னர் 1890களின் இறுதியிலேயே இதைச் செய்துகாட்டினார். கோலாரின் ஆழத்தில் அந்தத் தண்ணீரும் தொல்லையானது. 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையே கொதித்தது. ஈரக்காற்றில் வியர்வை உலராமல் ஆட்கள் மயங்கி விழுந்தார்கள். தூசியை அடக்கினால் புழுக்கம் கூடும், புழுக்கத்தைக் குறைத்தால் தூசி கிளம்பும். இரண்டையும் சமாளிக்கக் குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்த வேண்டும். அதற்குப் பெரும் செலவாகும்.

இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலில் பதிவானதே இங்குதான், 1934இல். சுரங்கம் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்திருந்தது. 1940இல் மைசூர் அரசு சிலிக்கோசிஸ் விதிகளைக் கொண்டுவந்தது. சுரங்க மருத்துவர் ஆந்தனி கேப்லனும் உடன் பணியாற்றியவரும் 1940 முதல் 1946 வரை பரிசோதித்த 7,653 தொழிலாளரில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினருக்கு நோய் இருந்தது. 44 விழுக்காடே குறைவான கணக்காக இருக்கலாம். வேலையில் உள்ளவர்களை வரிசையில் நிறுத்தும் எந்தப் பரிசோதனையிலும், மூச்சு முட்டி முன்னமே ஊர் திரும்பியவர் இடம்பெறுவதில்லை. ஊரில் அவர் இறந்தால் அது காசநோய்ச் சாவாகவே போகும்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அரைத்து, சயனைடால் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண், 3 கோடி டன்னுக்கு மேல், சயனைடு மேடுகளாக நகரை ஒட்டியே கிடக்கிறது. அதிலும் சிலிக்கா உண்டு. கோடையில் காற்று வீசினால், சுரங்கத்துக்குள் கால் வைத்திராதவர் வீடுகளிலும் அந்தத் தூசி படிகிறது.