எரியும் கால், மரத்த கால்

மும்பையில் சயானிலிருந்து செம்பூருக்கு வரும் வி.என்.புரவ் மார்க்கில், சுனாபட்டிப் பக்கம் பம்பாய் தொழுநோய்த் திட்டத்தின் அலுவலகம் இருக்கிறது. டாக்டர் ஆர். கணபதி 1976-இல் தொடங்கிய அமைப்பு அது. தாராவி போன்ற குடிசைப் பகுதிகளுக்குள் சென்று நோயாளிகளைத் தேடிய அமைப்பு. அதே சாலையில் மேலும் கொஞ்சம் வந்தால் செம்பூர். இங்கே திரும்பிய பக்கமெல்லாம் சர்க்கரை நோய் மருத்துவர்களின் பலகை. இரண்டு நோய்களும் தாக்குவது ஒரே இடத்தைத்தான்: தண்டுவடத்துக்கு வெளியே கைகால்களுக்குப் பிரிந்து போகும் நரம்புகளை. ஆனால் தாக்கும் விதம் வேறு. அதனால் வலிக்குப் பொருளும் வேறு.

சர்க்கரை நோயில் நீளமான நரம்புகள்தான் முதலில் கெடுகின்றன. அதனால் இரண்டு கால் விரல்களிலும் ஒன்றுபோலத் தொடங்கி, காலுறை போடும் உயரத்துக்கு ஏறும். பகலில் மதமதப்பு, இரவில் படுத்ததும் எரிச்சல், சுருக் சுருக்கென்று ஊசி குத்தல், போர்வை பட்டாலே கூச்சம். தொழுநோய்க் கிருமிக்கு உடலின் குளிர்ந்த இடங்கள் பிடிக்கும். தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளில், அவற்றைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்களுக்குள் அது குடியேறுகிறது. முழங்கையின் உட்பக்கம், முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்காலின் உட்புறம் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக நரம்பு தடிக்கும். ஒரு கையில் இருக்கும், மறுகையில் இருக்காது. தோலில் வெளிறிய தேமல். அதில் கிள்ளினாலும் தெரியாது.

தொழுநோயில் நரம்பு திடீரென்று வலித்தால், தொட்டால் துடித்தால், அது அவசர அழைப்பு. உடலின் எதிர்ப்புச் சக்தி கிருமியோடு மோதி நரம்பை வீங்க வைக்கிறது. உடனே பிரெட்னிசொலோன் மாத்திரையைத் தொடங்கி வாரக்கணக்கில் மெல்லக் குறைத்துக்கொண்டு வந்தால், ஆறு மாதத்துக்குள் வந்த பாதிப்பு பெரும்பாலும் மீளக்கூடும். தவறவிட்டால் விரல் மடங்கிவிடும், பாதம் தொங்கிவிடும். வலியே இல்லாமல் ஓசைப்படாமல் நரம்பு சாகிற வகையும் உண்டு. அதனால்தான் களப்பணியாளர்கள் மாதாமாதம் சுண்டுவிரலின் பலத்தையும் உள்ளங்காலின் உணர்வையும் சோதிப்பார்கள்.

சர்க்கரை நோயில் வலி அப்படி நாள் குறித்து வருவதில்லை. வருடக்கணக்கில் கூடவே குடியிருக்கும். பிரிகாபலின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் எல்லாம் வலியைத் தணிக்கும், நரம்பைச் சரிசெய்யா. பிரிகாபலினில் தூக்கக் கலக்கமும் கால் வீக்கமும் வரலாம். அமிட்ரிப்டிலினால் வாய் உலரும், வயதான ஆண்களுக்குச் சிறுநீர் தடைபடலாம். குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுவதும், நிறுத்தும்போது படிப்படியாக நிறுத்துவதும் அதனால்தான். வலி பாதியாகக் குறைந்து இரவில் தூக்கம் வந்தாலே மருத்துவர்கள் அதை வெற்றியாக எண்ணுகிறார்கள். ‘நரம்புக்கு ஊசி’ என்று வாரம் ஒன்று போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது பி12 வைட்டமின் ஊசி. அந்த வைட்டமின் குறைவாக இருந்தால்தான் அதற்குப் பொருள். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல ஆண்டு சாப்பிட்டால் பி12 குறையலாம். அதோடு சைவ உணவும் சேர்ந்தால் இன்னும் குறையலாம். செம்பூர், மாட்டுங்காவின் பல வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஊசிக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமே!

எரிச்சல் தானாகக் குறைந்தால் குணமாகிவிட்டதென்று மகிழ்பவர்கள் உண்டு. சில நேரம் அது நரம்பு முழுவதுமாக மரத்துப்போனதன் அடையாளம். அந்த நிலையில் சர்க்கரைக் காலும் தொழுநோய்க் காலும் ஒன்றாகிவிடுகின்றன. செருப்பு கழன்றது தெரியாது, கல் குத்தியது தெரியாது. செம்பூரின் சேடா நகர் முருகன் கோயில் தளத்தில் மதிய வெயிலில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வலிக்கும் காலோடு மருத்துவரிடம் ஓடுகிறோம். புண்ணாவது வலிக்காத கால்.

இந்தப் புண்ணை ஆற்றும் வித்தையைத் தொழுநோய்தான் கற்றுக் கொடுத்தது. பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டுப் போட்டு, நடக்கும்போதே புண்ணின் மேல் விழும் பாரத்தைப் பரப்பும் முறையை 1930-களிலேயே தொழுநோயாளிகளிடம் கையாண்டவர்களில் ஒருவர் இலங்கைத் தமிழ் அறுவை மருத்துவர் மில்ராய் பால். வேலூருக்கு 1946-இல் வந்த பால் பிராண்ட், விரல்கள் அழுகுவதற்குக் காரணம் நோயல்ல, வலி தெரியாத கையாலும் காலாலும் காயத்தை உணராமல் உழைப்பதுதான் என்று காட்டினார். 1960-களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அந்த மாவுக்கட்டையும் கொண்டுபோனார். அங்கிருந்து அது சர்க்கரை நோயாளிகளுக்கு வந்தது. இன்று சர்க்கரை மருத்துவர் உள்ளங்காலில் அழுத்திப் பார்க்கும் நைலான் இழைச் சோதனையும் கார்வில்லில் பண்பட்டதே. நுண்துளை ரப்பரால் ஆன மிருதுவான எம்.சி.ஆர். செருப்பும் தொழுநோயாளிக்காகச் செய்யப்பட்டதுதான். அதைப் பரிந்துரைத்தால் ‘அந்த நோய்க்காரர் செருப்பா?’ என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். காலைக் காப்பாற்றும் அறிவை வாங்கிக்கொண்டு, அதைக் கொடுத்தவர்களின் பெயரை மட்டும் வேண்டாமென்பது அநியாயம்.

அநியாயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. மாட்டுங்காவில் 1890-இல் நகராட்சி ஆணையர் ஆக்வொர்த்தின் முயற்சியால் எழுந்தது, வீடற்ற தொழுநோயாளிகளை அடைக்கும் காப்பகம். இன்று வடாலாவில் மருத்துவமனையாக இருக்கிறது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகள் 2019-இல்தான் நீங்கின. சர்க்கரை நோய்க்கு அப்படி ஒரு பிரிவு இருந்ததில்லை.

கூட்டு மருந்துச் சிகிச்சை 1982-இல் வந்தபின் தொழுநோயின் கிருமி ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ அழிந்துவிடுகிறது. பதிவேட்டில் ‘குணம்’ என்று எழுதிப் பெயரை எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் சிலருக்குக் கை கால் எரிகிறது, இரவில் குத்துகிறது. சர்க்கரை நோயாளியின் இரவைப் போலவேதான். அவர்கள் போய்ச் சொன்னால் பெரும்பாலும் கிடைப்பது பாராசிட்டமால். நரம்பு வலிக்கு அது அதிகம் உதவாது. உதவக்கூடிய அமிட்ரிப்டிலினும் பிரிகாபலினும் செம்பூரின் எந்த மருந்துக் கடையிலும் சர்க்கரை நோயாளியின் சீட்டுக்குக் கிடைக்கின்றன.