16,00,984

கல்லாற்றங்கரையில், பொன்முடிக்குப் போகும் சாலையோரம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நான். பெரிய எண் ஒன்று சொல்லுங்கள் என்று பிள்ளைகள் கேட்டால் 16,00,984 என்பேன். இரட்டைப்படை எண்; 8, 7, 11, 23, 113 ஆகியவற்றின் பெருக்கற்பலன். பஞ்சாங்கக்காரர்களுக்கோ அது ஒரு நாள். கலியுகம் பிறந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அத்தனை நாள் கழிந்தால் 1282 மே 22 வரும். ஏழால் மீதமின்றி வகுபடுவதால் அன்றும் வெள்ளிதான்.

அன்றைய சூரியோதயத்தில் சந்திரன் பூமியை விட்டு மிகத் தள்ளி நின்றது என்பது, நாள்தோறும் சந்திரன் இருக்குமிடத்தைச் சொற்றொடர்களாக மனப்பாடம் செய்து கணிக்கும் வாக்கிய முறையின் கணக்கு. தள்ளி நிற்கையில் சந்திரன் மெதுவாக நகரும், கிட்டே வந்தால் விரையும். தள்ளிப்போய், கிட்டே வந்து, மீண்டும் தள்ளிப்போகும் சுற்று ஒன்றுக்கு 27 நாளும் 13 மணி நேரத்துக்குச் சற்று மேலும் ஆகும். ஒன்பது சுற்று 248 நாள். பதின்மூன்று நிமிடம்தான் பிசகும். 110 சுற்று 3,031 நாள். பிசகு ஒரு நிமிடத்துக்குள். 449 சுற்று 12,372 நாள். நான்கு 3,031-உடன் ஒரு 248-ஐக் கூட்டினால் அதே 12,372! இந்த அழகை எத்தனை முறை எழுதிக் காட்டினாலும் எனக்கு அலுப்பதில்லை.

இவற்றுக்குப் பெயரும் உண்டு. 16,00,984 வேதம், 12,372 ரசகெரிக, 3,031 காலாநிலம், 248 தேவரம். வேதம் தவிர மற்ற மூன்றிலும், கடபயாதி முறைப்படி, எழுத்தே எண். தே 8, வ 4, ர 2. வலமிருந்து படித்தால் 248. பெயர் மறக்காதவரை எண்ணும் மறக்காது.

சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், 1825-இல் அச்சான தம் 'கால சங்கலித'த்தில், புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதினார். தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாட அட்டவணைகளைக் கொண்டே அவ்வருடம் மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்தவர் அவர். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிசகியது. தாளில் ஓர் எழுத்தும் எழுதாதவர் கணக்கு அது!

அந்த நாளை நானும் போட்டுப் பார்த்தேன். கலி தினம் 17,99,312. வேதத்தைக் கழித்தால் 1,98,328. அதை 12,372-ஆல் வகுத்தால் மீதி 376. அதில் 3,031 அடங்காது. 248 போக மீதி 128. பதினெட்டு லட்சம் நாள் 128-ஆகச் சுருங்கிவிட்டது. இனி 248 நாளுக்கும் நாளுக்கொன்றான வாக்கியங்களில் 128-ஆவதை நினைவிலிருந்து எடுத்து, கழித்த நாட்களுக்குரிய சந்திரனின் நகர்வையும் கூட்டினால் அது இருக்குமிடம் தெரியும். ஓர் எண் எவ்வளவு பெரியது என்று பஞ்சாங்கக்காரர்கள் கேட்கவில்லை; என்ன மீதம் வைக்கிறது என்று பார்த்தார்கள். எண்களை வகைப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

248 வாக்கியங்களையும் வரருசி செய்தார் என்பது மரபு. பதினான்காம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராமத்து மாதவன் அவற்றை விகலை வரை நுட்பமாகத் திருத்தினார். இதே கடபயாதி முறையில், மேல்பத்தூர் நாராயண பட்டதிரி நாராயணீயம் என்ற துதிநூலை முடித்த நாளும் அதன் கடைசிச் சொற்களுக்குள் 17,12,210 என்ற கலி தினமாக இருக்கிறது, ஆண்டு 1586.

உங்கள் வீட்டுப் பரணில் பொருள் விளங்காத சொற்கள் வரிசையாக எழுதிய ஓலைக்கட்டு கிடந்தால் மந்திரமென்று ஆற்றில் விட்டுவிடாதீர்கள். வரிகளை எண்ணிப் பாருங்கள். 248 வந்தால் அருகிலுள்ள சுவடி நூலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.