இலக்கும் இழப்பும்: வான்தாக்குதல் அறிக்கைகளும் தமிழ்த் திணைப் பாகுபாடும்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதி பல மொழிகள் அருகருகே வழங்கும் இடம். மலையாளத்தோடு தமிழ், கொங்கணி, குஜராத்தி ஆகிய மொழிகளும் அங்குத் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு வருகின்றன. காயலுக்கு அப்பால், துறைமுகத்திற்காக அகழ்ந்தெடுத்த மண்ணால் உருவான வில்லிங்டன் தீவு உள்ளது. அங்கு 1953 மே 11 அன்று ஐ.என்.எஸ். கருடா என்னும் கடற்படை விமானத்தளம் தொடங்கப்பெற்றது. போர்க்காலத்தில் தில்லியிலிருந்து ஆங்கிலத்தில் வெளிவரும் அறிக்கை இத்தகைய ஊரை மலையாளமாகவும் தமிழாகவும் வந்தடைகிறது. செய்தி ஒன்றே, ஆயின் இரு மொழிகளின் வினைமுற்றுகளும் அதனை ஒரே வகையில் தாங்குவதில்லை. வான்தாக்குதலின் விளைவைத் தெளிவின்றிக் கூறும் அரசு நடை எவ்வாறு வளர்ந்தது என்பதையும், அது தமிழாகும்போது நேர்வது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தகுதி வழக்கு

நேரே சொல்லத் தயங்குவதை வேறு சொல்லால் சொல்லும் முறையைத் தமிழ் இலக்கணம் முன்பே வகைப்படுத்தியுள்ளது. நன்னூல் கூறும் தகுதி வழக்கு, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படும். இறந்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. படைத்துறைச் சொல்லாட்சி இவ்விரண்டையும் ஒத்திருப்பினும் ஒரு வேறுபாடு உண்டு. துஞ்சினார் என்ற சொல்லைக் கேட்பவர் இறப்பு நேர்ந்ததை அறிவார். 'இலக்கு வெற்றிகரமாக எய்தப்பட்டது' என்பதைக் கேட்பவரோ எவரேனும் இறந்தனரா என்பதையே அறியார். முன்னது துயரத்தை மென்மையாக்குவது. பின்னது தகவலையே விலக்குவது.

பொய்யெண்ணிலிருந்து எண்ணின்மைக்கு

தொடக்கத்தில் அறிக்கைகள் எண்களைத் தாராளமாகவே வழங்கின. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவை வீழ்த்தப்பட்டதாகப் பிரித்தானியத் தரப்பு கருதியது. ஜப்பானியப் பதிவுகளின்படி இழப்பு 7 மட்டுமே. 1944 அக்டோபரில் தைவான் அருகே நடந்த வான்போரில் 11 அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களை மூழ்கடித்ததாக ஜப்பானியப் பேரரசின் தலைமையகம் அறிவித்தது. உண்மையில் ஒன்றுகூட மூழ்கவில்லை. 'தலைமையக அறிவிப்பு' என்னும் தொடரே பிற்கால ஜப்பானிய மொழியில் நம்பத்தகாத அரசுச் செய்தியைக் குறிக்கும் மரபுத்தொடர் ஆயிற்று.

எண் பொய்யாயினும் அதற்கு ஒரு தன்மை உண்டு. அதனைப் பின்னர்ச் சரிபார்க்கலாம். வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் பிண எண்ணிக்கை மதிப்பிழந்ததும் அவ்வாறே. அதன்பின் எண்ணையே தவிர்க்கும் போக்கு வலுப்பெற்றது. தாங்கள் பிணங்களை எண்ணுவதில்லை என 2002இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கத் தளபதி டாமி ஃபிராங்க்ஸ் கூறியது இப்போக்கின் வெளிப்படையான வடிவம்.

இந்திய வரலாற்றில் வேறொரு வகையும் காணப்படுகிறது. மிசோ தேசிய முன்னணியின் கிளர்ச்சியை அடக்க 1966 மார்ச் 5 அன்று ஐசால் நகர்மீது இந்திய விமானப்படை தாக்குதல் நடத்தியது. ஆட்களையும் பொருள்களையும் இறக்கவே விமானங்கள் அனுப்பப்பட்டன என்பது அப்போது தரப்பட்ட விளக்கம். இங்கு மறைந்தது எண் அன்று. விமானத்திலிருந்து விழுந்த பொருளின் பெயர்.

2019 பிப்ரவரி 26 அன்று பாலாகோட் தாக்குதலை இந்திய வெளியுறவுச் செயலர் அறிவித்தார். அது இராணுவம் சாராத முன்தடுப்பு நடவடிக்கை எனப்பட்டது. மிகப் பெரும் எண்ணிக்கையில் பயங்கரவாதிகள் ஒழிக்கப்பட்டதாகவும் கூறப்பட்டது. குண்டுகள் வெற்றிடத்தில் விழுந்தன என்றது பாகிஸ்தான். ஊடகங்களிலோ 300 முதலிய எண்கள் உலவின. மார்ச் 4 அன்று கோயம்புத்தூரில் பேசிய விமானப்படைத் தலைவர் பி. எஸ். தனோவா, இலக்கு தாக்கப்பட்டதா என்பதையே படை கணக்கிடும், இறந்தோரை எண்ணுவதில்லை என்னும் கருத்துப்படக் கூறினார். 2025 மே மாதத்து 'சிந்தூர்' நடவடிக்கைக்குப் பின்னரும் இதே விடை வந்தது. இந்திய விமான இழப்பு குறித்த வினாவிற்கு, இழப்பு போரின் ஒரு பகுதி என்பதே மே 11 அன்று கிடைத்த மறுமொழி. நடவடிக்கையின் காரணம் நியாயமா அன்றா என்பது வேறு ஆய்வு. இங்குக் கருதத்தக்கது, எண் விலகியபின் எஞ்சி நிற்கும் மொழியே.

திணை காட்டும் முற்று

எண் விலகியபின் எஞ்சுவது பெயரும் வினையும். இங்கேதான் மட்டாஞ்சேரியின் இரு மொழிகளும் பிரிகின்றன. தமிழினின்றும் மலையாளம் வேறுபடும் நெறிகளுள் ஒன்றாகப் 'புருஷபேத நிராசம்' என்பதனை ஏ. ஆர். ராஜராஜவர்மா கேரளபாணினீயத்தில் குறித்துள்ளார். வினைமுற்றில் இடம், பால் காட்டும் விகுதிகள் மலையாளத்தில் நீங்கிவிட்டன. ஆகவே பயங்கரவாதிகளாயினும் கட்டடங்களாயினும் 'தகர்க்கப்பெட்டு' என்ற ஒரே முற்று அமையும். எழுவாய் தொக்கிருப்பின் தகர்ந்தது மனிதரா பொருளா என்பதை முற்றிலிருந்து அறிய இயலாது.

தமிழில் அது இயலாது போவதில்லை. 'அழிக்கப்பட்டனர்' என்பது மக்களைக் குறிக்கும். 'அழிக்கப்பட்டன' என்பது பொருள்களைக் குறிக்கும். தொல்காப்பியச் சொல்லதிகாரம் உயர்திணை அஃறிணைப் பாகுபாட்டிலிருந்தே தொடங்குகிறது. ஆங்கில மூலத்தில் திணை வெளிப்படாத இடத்திலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஏதேனும் ஒரு திணையைத் தேர்ந்தேயாக வேண்டும். இலக்கு, நிலை, முகாம், உட்கட்டமைப்பு ஆகிய அஃறிணைப் பெயர்கள் எழுவாயாகும்போது, உள்ளே இருந்த மக்கள் இலக்கணத்திலிருந்தே வெளியேறிவிடுகின்றனர்.

இதன் விளைவை 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனத்தில் நிகழ்ந்த செஞ்சோலைத் தாக்குதல் காட்டுகிறது. புலிகளின் பயிற்சி முகாமே தாக்கப்பட்டது என்றது இலங்கை அரசு. அங்கிருந்தோர் சுற்றுவட்டாரப் பள்ளி மாணவியர், பயிற்சி வகுப்பிற்காக வந்தவர்கள் என்றது யுனிசெப். இறந்தோர் 61 பேர் எனத் தமிழ்த் தரப்பு கூறியது. இரு தரப்பின் தமிழாக்கத்திலும் 'பயிற்சி' என்ற சொல் உண்டு. ஒன்றில் அது முகாமிற்கு அடை, அழிந்தது அஃறிணை. மற்றொன்றில் அது மாணவியர் மேற்கொண்ட செயல், இறந்தோர் உயர்திணை. எச்சொல் எழுவாயாயிற்று என்பதே கருத்து வேறுபாட்டின் முழு எடையையும் தாங்கியது.

மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்கு

வினைச்சொல் தேர்விலும் இத்தகைய எடை உண்டு. 'கொல்லப்பட்டனர்' என்பதில் செய்தவர் பெயர் இல்லாவிடினும் செய்தவர் ஒருவர் உண்டு என்பது புலப்படும். 'உயிரிழந்தனர்' என்பதில் அதுவும் இல்லை, இறந்தவரே வினைமுதல். 'பலியாயினர்' என்பது பழைய வேள்விப் பொருளின் சாயலோடு, நேர்ந்ததை ஊழின்பால் சார்த்துகிறது. மூன்றும் ஒருபொருட் கிளவிகள் அல்ல.

எண்ணிலும் விழிப்பு வேண்டும். 'மிகப் பெரும் எண்ணிக்கை' என்பதை 'நூற்றுக்கணக்கான' என்று பெயர்ப்பது சரளமாகத் தோன்றும். ஆயின் மூலம் தராத அளவை அது தந்துவிடுகிறது. வேண்டுமென்றே தெளிவின்றி விடப்பட்ட இடத்தை நிரப்பும் மொழிபெயர்ப்பாளர், அறிக்கை விடுத்தவர் ஏற்காத பொறுப்பைத் தாம் ஏற்றவராகிறார். 'ஆம்' என்னும் பிறர்கூற்று இடைச்சொல் இங்குப் பயன்படும் எனினும் எழுத்து நடையில் அது ஐயத்தையும் ஏளனத்தையும் உணர்த்தக்கூடும். 'என அரசு தெரிவித்துள்ளது' என்று கூறியவரை எழுவாயாக்குவதே தக்கது.

முடிவுரை

வான்தாக்குதல் அறிக்கைகளின் வரலாறு பொய்யெண்ணில் தொடங்கி எண்ணின்மையில் வந்து நிற்கிறது. எண்ணின்மையை மலையாள முற்று அவ்வாறே ஏற்றுக்கொள்ளும். தமிழ் முற்றோ குறைந்தது ஒரு வினாவையாவது எழுப்பும்: அழிந்தவர் எவர், அழிந்தவை எவை? மூலத்தில் விடை இல்லையெனின் மொழிபெயர்ப்பாளர் அதனைப் புனைதல் கூடாது. ஆனால் மக்கள் இருந்தனர் என்பது தெரிந்த இடத்தில் 'அன' விகுதிக்குள் அவர்களை மறைத்தலும் கூடாது. எத்தனை பேர் என்பதை அரசு சொல்லாமல் விடலாம். அவர்கள் மக்கள் என்பதைத் தமிழ் சொல்லாமல் விட வேண்டியதில்லை.